கண்ணாடிக்குள் விழுந்த கன்னம்

கனகமாலாவின் முகூர்த்தப் புடவையை மாமியார் கேட்டு வாங்கவில்லை. மருமகள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து, எடுத்து வந்து கூடத்துக் கட்டிலில் போட்டுவிட்டாள். ஈரக் கையோடு உள்ளே வந்த கனகமாலா, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட தன் பட்டு விரிந்து கிடப்பதைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றாள்.

“பெட்டியிலதானே தூங்கினு இருக்குது. ஒரு நாள் வெளிச்சத்தைப் பார்க்கட்டும்,” என்றாள் மாமியார் ரத்னமாலா. “இந்திரா போட்டோவுக்கு இதான்.”

இந்திரா ரத்னமாலாவின் மகள், கனகமாலாவின் நாத்தனார். அவளிடம் பட்டுப் புடவை இல்லாமல் இல்லை. அரக்கில் ஒன்றும் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றும் இருந்தன. ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த உமாபதி, முன்பணம் கொடுக்கப்போன கனகமாலாவின் கணவன் ஜீவந்தரனிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அரக்கும் கத்தரிப்பூவும் படத்தில் கறுப்பாகத்தான் விழும். துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும். வெளிர் நிறமாக, அகலக் கரையாக ஏதாவது உடுத்தி அழைத்து வாருங்கள். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

கனகமாலா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்தப் புடவை அவளுடைய அப்பா பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டு வாசலில் நாள் கணக்காகக் காத்திருந்து வாங்கியது. அவர் இப்போது இல்லை. அதைச் சொன்னால், “உங்கப்பா குடுத்ததுல ஒழுங்கா இருந்தது அது ஒண்ணுதான்,” என்று மாமியார் சொல்வாள். முன்பும் சொல்லியிருக்கிறாள்.

இந்திரா மட்டும் கட்டிலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “இவங்க கட்டினதை நான் கட்டணுமா?” என்றாள். அண்ணி என்று அவள் அழைத்ததே கிடையாது. நேருக்கு நேர் நிற்கும்போதும் ‘இவங்க’தான்.

“ஒரு மணி நேரத்துக்குத்தானேடி. அப்புறம் கழட்டிக் கடாசிடு.”

இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதுவும் ஒரு போட்டோவிலிருந்துதான் வந்தது.

கனகமாலா திருமுக்கூடல் பக்கத்துப் பெண். சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள். உயிரை மட்டும் விட்டுவைத்துப் போன அம்மை, முகம் முழுக்கத் தன் அடையாளத்தை வைத்துவிட்டுப் போயிருந்தது. பெண் கேட்டு ஆள் வந்தபோது அவளுடைய அப்பா அவளைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தார். அந்தப் படக்காரர் கூர்மையான பென்சிலால் நெகட்டிவில் ஒவ்வொரு குழியாகத் தூர்த்து மெழுகிவிட்டார். டச்சிங் என்று அதற்குப் பெயர். வந்த படத்தில் இருந்தவள் எண்ணெய் தடவிய மண்சட்டி போல வழவழப்பாக இருந்தாள். அதைப் பார்த்த கனகமாலாவுக்கு அன்று முழுவதும் சந்தோஷம். இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற சந்தோஷம்தான். ஏமாற்றுகிறோம் என்று அந்த வயதில் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு முதல்நாள்தான் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். வாக்கு மாறவில்லை. சமணக் குடும்பம், கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்குவது உயிர்க்கொலைக்குச் சமம் என்று நினைக்கிறவர்கள். தாலி கட்டி, திருப்பருத்திக்குன்றத்துக்கு அழைத்து வந்து, அருகர் கோயிலில் கும்பிட வைத்து, வீட்டுக்குள் விளக்கேற்றச் சொன்னார்கள். வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வாக்கின் விலையை ஒவ்வொரு நாளும் அவளிடமிருந்து வசூலித்தார்கள்.

அப்போது இந்திராவுக்குப் பதிமூன்று வயது இருக்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் படத்தை எடுத்து வந்து கனகமாலாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, “இதுல எது எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு, சொல்லுங்க பார்க்கலாம்,” என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். புதுப்பெண் வேறு என்ன செய்வாள்? அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்படிச் சேர்ந்து சிரித்ததைத்தான் இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தபோது மாமியார் தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “அப்பனைக் கொண்டு பொறந்துது, தப்பிச்சுது,” என்பதுதான்.

பிறகு நெல் அவித்த அன்று நடந்தது. அண்டாவின் இரண்டு காதுகளையும் ஈரச் சாக்கால் பிடித்து, ஒரு பக்கம் கனகமாலாவும் மறுபக்கம் இந்திராவுமாகச் சாய்த்தார்கள். யார் கை முதலில் நழுவியது என்று வேறு யாரும் பார்க்கவில்லை. இருவருமே மற்றவளைச் சொன்னார்கள். கொதிநீர் தெறித்து இந்திராவின் இடது கன்னம் காதோரத்திலிருந்து தாடை வரை வெந்துபோனது. ஆறிய பிறகு அந்த இடம் தீயில் வாட்டிய வாழையிலை போலச் சுருங்கி, நிறம் மாறி நின்றுவிட்டது. அதே தண்ணீர் கனகமாலாவின் பாதத்திலும் கொட்டியிருந்தது. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவள் வேணுமென்றே செய்தாள் என்று மாமியார் வெளியில் சொல்லவில்லை; உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் சொல்லிக்கொண்டது அவளுடைய ஒவ்வொரு பார்வையிலும் வெளியே வந்தது.

பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் காப்பிக்குக் கூட உட்காராமல் எழுந்து போயின. இப்போது வந்திருப்பது வாலாஜாபாத் அரிசி ஆலை ரிஷபதாஸ் நயினார் வீட்டு இடம். பையன் அஜிதநாதன் வடக்கே பிலாயில் இரும்பு ஆலையில் வேலை. அவனுக்கு லீவு கிடைப்பதே கல்யாணத்துக்கு ஒரு தரம்தான். போட்டோ அனுப்புங்கள், பையன் சரி என்று எழுதினால் வந்து தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நயினார் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமியாரின் கணக்கு எளிமையானது. பையன் சரி என்று எழுதிவிட்டால் நயினார் வாக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்த பிறகு கன்னம் தெரிந்தால் தெரியட்டும். அவரும் வாக்கு மாறாத குலம்தானே.

அதாவது, எட்டு வருஷத்துக்கு முன் தன் வீட்டுக்கு எது செய்யப்பட்டதாக அவள் தினமும் புலம்பினாளோ, அதையே வாலாஜாபாத்துக்குச் செய்யப்போகிறாள். இது கனகமாலாவுக்குப் புரிந்தது. போகட்டும், என்று அவள் மனம் சொன்னது. அங்கேயும் ஒரு நாத்தனார் இருப்பாள். படத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவாள். அப்போது இந்திராவுக்குத் தெரியும். அந்த நினைப்பு வெயிலில் வந்தவனுக்கு மோர் கிடைத்த மாதிரி அவளுக்குள் இறங்கியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

காலையிலிருந்து சிங்காரம் நடந்தது. சடையில் பூத் தைக்க அன்னம்மாள் வந்தாள். சவுரி வைத்து நீட்டிப் பின்னி, நடுவில் தாழம்பூ மடலும் இரண்டு ஓரமும் மல்லிகை மொட்டுமாக ஊசி நூலால் தைத்துக்கொண்டே போனாள். அது சுலபத்தில் முடிகிற வேலை இல்லை. தலையை அசைத்தால் தையல் கோணும் என்று இந்திராவை அசையவிடவில்லை. சாப்பிட எழுந்தால் வேலை நின்றுபோகும் என்று மாமியார் சாப்பாட்டுக்கும் விடவில்லை. மாமியாருக்கு அன்று ஒருவேளை உணவு விரதம், காலையில் முடித்துவிட்டாள். பசி என்பது அவள் நினைப்பில் இல்லை.

புடவை கட்டிவிடும் வேலை கனகமாலாவுக்கு. இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் அந்த வேலையைச் செய்தார்கள். கொசுவத்தை மடித்துச் செருகும்போது, “கையி ஜில்லுனு இருக்குது, எடுங்க,” என்றாள் இந்திரா. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. உள்பக்கமாக ஊக்கு குத்தி இறுக்கும்போது ஊக்கு முனை தோலில் பட்டுவிட்டது.

“குத்தினா மனசு ஆறிடுமா?” என்றாள் இந்திரா.

“ஆறாது. அசையாம நில்லு.”

 பவுடரை மாமியாரே பூசினாள். இடது கன்னத்தில் முதலில் சந்தனம், அதன்மேல் பவுடர், அதன்மேல் இன்னும் பவுடர். சுருங்கிய தோலில் பவுடர் நிற்காமல் கோடு கோடாகத் தேங்கியது. முன்பு தழும்பு மட்டும் தெரிந்தது. இப்போது அதை மறைக்கப் பார்ப்பதும் சேர்ந்து தெரிந்தது. கனகமாலா அதைச் சொல்லவில்லை.

ஜட்கா வண்டி வந்தபோது மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. சடை நசுங்காமல் இருக்க இந்திராவை வண்டியில் ஓரமாக முன்சாய்ந்து உட்கார வைத்தார்கள். கிளம்புகிற நேரத்தில் கனகமாலா குழந்தையை அன்னம்மாளிடம் விட்டுவிட்டு, சட்டென்று அடுப்பங்கரைக்குள் போய், சின்னத் தூக்கில் தயிர்சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஏன் எடுத்தோம் என்று வண்டி வேகவதிப் பாலத்தைத் தாண்டும்வரை அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பட்டினி கிடந்தால் கிடக்கட்டும் என்றுதான் மனம் சொன்னது. கை கேட்கவில்லை.

ஸ்டூடியோவில் இவர்களுக்கு முன்பே ஒரு கல்யாண ஜோடி உட்கார்ந்திருந்தது. மாலையும் கழுத்துமாக அவர்கள் எடுத்துக்கொண்டு முடிப்பதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. ஜீவந்தரன் வெளியே வண்டிக்காரனோடு பேசிக்கொண்டு நின்றான். இந்த மாதிரி இடங்களில் அவன் எப்போதும் வெளியேதான் நிற்பான். இந்திரா சுவர் ஓரத்து நாற்காலியில் நெற்றியில் வேர்வையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்ந்துவிட்டால் அவர்கள் வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைக்கமாட்டார்கள். விளக்குக்கு வரும் பூச்சி உணவில் விழுந்து சாகக்கூடாது என்று முன்னோர் வைத்த நியமம் அது. இப்போது விட்டால் இனி நாளைக் காலைவரை இந்திராவுக்கு ஒன்றும் இல்லை.

கனகமாலா தூக்கைத் திறந்தாள்.

“பவுடர் கலைஞ்சிடும்,” என்றாள் மாமியார்.

“கலையாம குடுக்கறேன் அத்தை. காலையிலேர்ந்து ஒண்ணுமில்ல. மயக்கம் போட்டுச்சுன்னா படமே இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தைக்காக மாமியார் விட்டுக்கொடுத்தாள். கனகமாலா நாற்காலிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, உதட்டில் படாமல் உள்ளே வைத்தாள். “வாயைத் திற,” என்றாள். கடுகடுப்பாகத்தான் சொன்னாள். இந்திராவும் கடுகடுப்பாகத்தான் திறந்தாள். எதிரியின் கையிலிருந்து வாங்குகிற மாதிரி வாங்கினாள். ஆனால் ஒரு பருக்கை விடாமல் வாங்கினாள்.

தூக்கு காலியானது; கனகமாலாவுக்கு ஒரு வாய்கூட மிச்சமில்லை. ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரையில் இருந்த வெளிச்சம் மங்கிப்போனது. இந்திரா வாயைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பிறகு தூக்கைப் பார்த்தாள். பிறகு, முட்டியை ஊன்றி எழுந்துகொண்டிருந்த கனகமாலாவைப் பார்த்தாள். புடவை சற்று விலகி, பாதத்தில் வெந்து வழுவழுத்த அந்த இடம் தெரிந்தது. ஏதோ கேட்கப்போகிற மாதிரி இருந்தது. கேட்கவில்லை.

உமாபதி பெரிய விளக்குகளைப் போட்டார். மலையும் ஏரியும் எழுதிய திரைக்கு முன்னால் இந்திராவை நிற்க வைத்தார். மாமியார் அவரைத் தனியே அழைத்து, இடது பக்கம் தெரியவே கூடாது என்று சொன்னாள். அவர் இது போல ஆயிரம் பார்த்தவர். தலையை ஆட்டி, வலது கன்னம் கேமராவைப் பார்க்கும்படி இந்திராவைத் திருப்பி நிறுத்தினார். சரியாகத்தான் இருந்தது. கன்னம் மறைந்தே போனது.

ஆனால் மாமியாருக்கு அது போதவில்லை. காலையிலிருந்து பூத் தைத்த சடை படத்தில் விழவில்லையே. “பின்னால கண்ணாடி வெச்சு எடுப்பாங்களே, சடை முழுசும் தெரியறாப்பல,” என்றாள். “எங்க ஓரகத்தி பொண்ணுக்கு அப்படித்தான் எடுத்தாங்க. நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?”

உமாபதி ஆளுயரக் கண்ணாடியை நகர்த்தி வந்து இந்திராவுக்கு அந்தப் பக்கமாக நிறுத்தினார். சடை பாதிதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் முன்பக்கம் திருப்பினார். இப்போது தாழம்பூவும் மல்லிகையும் குஞ்சலம் வரைக்கும் கண்ணாடியில் பளிச்சென்று இறங்கின. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, திருப்தியோடு விரல்களைக் கோத்துக்கொண்டாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியின் ஓரம் மட்டும்தான் தெரியும். உமாபதி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அங்கே எல்லாம் தலைகீழாகத் தெரியும். அவர் கண் சடையில் இருந்தது.

கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவள் கனகமாலா மட்டும்தான். அவள் பார்த்தாள். கண்ணாடிக்குள், சடைக்கு முன்னால், இந்திராவின் இடது கன்னம் முழுசாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பவுடர்க் கோடுகளோடு, காதோரத்திலிருந்து தாடை வரை.

இப்படியே விட்டால் படம் பிலாய்க்குப் போகும். கண்ணாடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இங்கே யாரும் கவனிக்காமலே போகலாம். அங்கே பார்ப்பவன் பார்ப்பான். இந்த இடமும் நழுவும். மாமியாரின் முகம் என்னவாகும் என்று நினைத்தபோது கனகமாலாவின் தொண்டைவரை ஒரு இனிப்பு ஏறியது. சொல்லிவிட்டால்? கண்ணாடியை ஒரு சாண் நகர்த்துவார்கள். பொய் முழுமையாகிவிடும். இந்திரா ஒரு நாள் வாலாஜாபாத்தில் ஒரு கூடத்தில் நின்று, தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள். அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் பழி தீரும். இவ்வளவு வசதியாக ஒரு பழி யாருக்கும் வாய்க்காது.

அப்போதுதான் அவளுக்குச் செங்கல்பட்டு ஸ்டூடியோ நினைவு வந்தது. அங்கே யாரும் அவளைக் கேட்கவில்லை. மறைக்கட்டுமா, விடட்டுமா என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் அன்றைக்குக் கேட்டிருந்தால், என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் அவளுடையவையாக இருந்திருக்கும்.

“முந்தானை மடிப்பு கலைஞ்சிருக்குது,” என்று சொல்லிக்கொண்டு அவள் விளக்கு வெளிச்சத்துக்குள் போனாள். இந்திராவின் தோளில் கையை வைத்து மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“கண்ணாடியில உன் கன்னம் தெரியுது. உங்கம்மாவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மறைக்கணும்னா ஒரு அடி பின்னால தள்ளி நில்லு, போயிடும். வேணாம்னா இப்படியே நில்லு. உன் இஷ்டம்.”

இந்திராவின் உடம்பு விறைத்தது. “இதுல உங்களுக்கு என்ன லாபம்?” என்றாள் பல்லுக்குள்.

“ரெண்டுலயும் எனக்கு லாபம்தான். அதான் உன்னைக் கேக்கறேன்.”

கனகமாலா தன் இடத்துக்கு வந்துவிட்டாள். இந்திராவின் கண் மெல்லக் கண்ணாடியின் பக்கம் போனது. வீட்டில் இருந்த கண்ணாடிகளில் அவள் எப்போதும் வலது பக்கமாகவே திரும்பித் தலைவாரிப் பழகியிருந்தாள். இப்போது அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். உமாபதி, “தங்கச்சி, தாடையை லேசா தூக்கும்மா. அவ்ளோதான். அசையாதே,” என்றார். ஒரு அடி தள்ளி நிற்க நேரம் இருந்தது. அவள் தள்ளி நிற்கவில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது மாமியார் மட்டும் பேசிக்கொண்டு வந்தாள். அன்று இரவு கனகமாலா ஒரு செம்புத் தண்ணீர் கூடக் குடிக்காமல் படுத்தாள், பொழுது போய்விட்டதே. கசந்த மனத்தோடு ஊட்டிய சோறும் நல்வினையில் சேருமா என்று அருகனை நினைத்துக் கேட்டாள். அவர் யாருக்கும் பதில் சொல்கிறவர் இல்லை. காலையில் எழுந்து போனபோது அவளுக்கு முன்பே யாரோ அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்திருந்தார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

படங்களை உமாபதியே கொண்டு வந்து கொடுத்தார். உறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் நீட்டியபோதே அவர் குரலில் தயக்கம் இருந்தது. நெகட்டிவைக் கழுவும்போதுதான் பார்த்தேன், கண்ணாடிக்குள்ளே விழுந்துவிட்டது, என் கவனக்குறைவுதான், சொன்னால் டச்சிங்கில் எடுத்துவிடுகிறேன், பென்சில் வேலைதான், நாளைக்கே தந்துவிடுவேன் என்றார்.

மாமியார் படத்தை வாங்கிப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் படத்தை விட்டுவிட்டுக் கனகமாலாவைத்தான் பார்த்தாள்.

“நீ கேமரா பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தே,” என்றாள். “முந்தானை கலைஞ்சிருக்குதுன்னு போனியே. அப்ப உன் கண்ணுல படலையா?”

“பட்டுது, அத்தை.”

“பட்டுதா.” மாமியாரின் குரல் இறங்கியது, அவள் குரல் இறங்கும்போதுதான் பயப்படவேண்டும். “கன்னத்தை வேக வெச்சே. அதோட விட்டியா? அதை ஊர் பார்க்கப் படமும் எடுக்க வெச்சே. எங்க வாக்குக்காக உன்னை உள்ளே விட்டோம் பாரு, அன்னிக்கே உன்னை அந்தத் திருமுக்கூடல் வண்டியிலயே திருப்பி ஏத்தியிருக்கணும்.”

ஜீவந்தரன் தரையைப் பார்த்தான். உமாபதி உறையை மடித்து மடித்து விரித்தார்.  இந்த வீட்டில் பதில் சொல்லிக் கனகமாலாவுக்குப் பழக்கமில்லை.

“அவங்க எங்கிட்ட சொன்னாங்க.”

உள்ளேயிருந்து வந்த இந்திரா அம்மாவின் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டாள். “தெரியுது, மறைக்கணும்னா தள்ளி நில்லுன்னாங்க. நான்தான் நிக்கல. அண்டா சாஞ்சப்பவும் என் கையிலதான் முதல்ல சாக்கு நழுவிச்சு. எனக்குத் தெரியும். நான் சொல்லல.”

 மாமியார் கூடத்துக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“உனக்குப் பைத்தியமாடி? அந்த இடமும் போவும்.”

“போனா போவட்டும்மா. ஒருத்தங்களைப் படத்தை வெச்சுக்கினு இந்த வீட்டுல நாம பேசின பேச்சு கொஞ்சமா? அதை எங்கிட்ட பேசறதுக்கு வாலாஜாபாத்துலயும் ஒருத்தி இருப்பா. எனக்கு வேணாம்.” உமாபதியின் பக்கம் திரும்பினாள். “அண்ணா, பென்சில் வேணாம். இப்படியே அனுப்பறோம்.”

இதை அவள் மன்னிப்பாகச் சொல்லவில்லை. கனகமாலாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். மாமியார் அன்றும் மறுநாளும் மருமகளோடு பேசவில்லை. அது அந்த வீட்டில் பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. ஜீவந்தரன்தான் படத்தைத் தபாலில் சேர்த்தான். போவதற்கு முன் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்தான். பிறகு மனைவியையும் பார்த்தான். அவன் அவள் முகத்தை அப்படி நின்று பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

பதில் வரத் தாமதமானது. அந்த நாட்களில் மாமியார் வீட்டுக்குள் நடந்தால் பாத்திரங்கள் பேசின. வராது என்று அவள் முடிவே கட்டிவிட்ட பிறகு, ரிஷபதாஸ் நயினார் தாமே வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு வந்து இறங்கினார். பையன் எழுதியிருந்ததைச் சொன்னார். கண்ணாடிக்குள் தெரிகிற காயம் எப்போது பட்டது, இப்போது வலிக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தானாம். ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்கிற அவனுக்குச் சூட்டுக்காயம் தெரியும் என்றார் அவர்.

மாமியார் தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

“நாங்க எதையும் மறைக்கிற வழக்கமில்லீங்க,” என்றாள். “கண்ணாடி வெச்சு அந்தப் பக்கமும் தெரியறாப்பல எடுங்கன்னு நானேதான் சொன்னேன்.”

கண்ணாடி வைக்கச் சொன்னது அவள்தான் என்பதால் யாரும் மறுக்க முடியவில்லை. அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்ற கனகமாலா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இன்னொருத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

தட்டு மாற்றிய மறுநாள் கனகமாலா தன் பெட்டியைத் திறந்தாள். மாம்பழப் பட்டு திரும்பி வந்திருந்தது. நிழலில் காயவைத்து, கரையோடு கரை சேர்த்து மடித்திருந்தது. ரவிக்கையில் ஊக்கு குத்திய இடத்தில் பட்டு நூலால் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டிருந்தது. புடவையைத் தூக்கியபோது மடிப்புக்குள்ளிருந்து ஒரு அட்டை நழுவி மடியில் விழுந்தது.

அவளுடைய பழைய படம். இத்தனை வருஷமும் இந்திராவின் பெட்டியில், யார் வந்தாலும் எடுக்க வாட்டமாக, மேலாக இருந்தது. முனைகள் பிடித்துப் பிடித்து மழுங்கியிருந்தன. கூட ஒரு வார்த்தையும் இல்லை. இந்திரா இனி வாயாலும் சொல்லமாட்டாள் என்று கனகமாலாவுக்குத் தெரிந்தது. அப்படிச் சொல்லத் தெரிந்த பெண் அல்ல அவள்.

கனகமாலா அந்த வழவழப்பான முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது யார் என்று எத்தனையோ முறை கோபத்தோடு நினைத்திருக்கிறாள். இப்போது பார்த்தால், பாவம், ரொம்பச் சின்னப் பெண்ணாக இருந்தாள். கூடத்திலிருந்து குரல் கேட்டது.

“அண்ணி, தலைவாரணும். வரீங்களா?”

கனகமாலா படத்தைப் புடவை மடிப்புக்குள்ளேயே வைத்து, பெட்டியை மூடினாள். சீப்பைத் தேடிக்கொண்டு, “வரேன், இரு. கத்தாதே,” என்றாள்.